பாய்மத் ரயிஸுக்கு ஒரு பனிச்சீட்டு

சாரோப்பில் அந்த வருடம் நான்கு கூரைகளில்தான் புகை எழுந்தது. ஒரு காலத்தில் முப்பத்தெட்டு வீடுகள் இருந்த மலையூர் அது. மிச்ச வீடுகளெல்லாம் கூரை உள்ளே விழுந்து, வாசலில் காஞ்சொறி இடுப்புயரம் வளர்ந்து, ஆடுகூட எட்டிப் பார்க்காமல் கிடந்தன. புகை வந்த நான்கில் ஒன்று சவ்ரினிசாவின் வீடு.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. புருஷன் ஓதினா, இரண்டு பெண்கள், ஏழு ஆடு, ஒரு கழுதை, யார் குரலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற ஒரு தொண்டை. இவ்வளவுதான் அவளுக்கு இருந்தவை. கழுதை மாதிரி அவள் கத்தினால் அந்தக் கழுதையே திரும்பிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் பதில் கொடுக்கும்.

ஆனால் அவள் தொண்டையில் இருந்த குரல்களிலேயே முதல்தரமானது பாய்மத் ரயிஸின் குரல். கீழே சமவெளியில் உள்ள பருத்திக் கூட்டுப்பண்ணையின் தலைவர் அவர். ரயிஸ் என்றால் தலைவர். வயிற்றை முன்னால் தள்ளி, கண்ணைப் பாதி மூடி, மூக்கால் மூச்சுவிட்டு, "எழுத்துல குடு" என்பாள் சவ்ரினிசா. கேட்கிறவர்கள் விலாவைப் பிடித்துக்கொள்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று ரயிஸிடம் போய் நின்றால் எழுத்துல குடு. பிள்ளைக்குக் காய்ச்சல், வண்டி வேண்டும் என்றால் எழுத்துல குடு. எழுத்தில் கொடுத்தால் வாங்கித் தன் தோல்பைக்குள் வைப்பார். அந்தப் பைக்குள் போன காகிதம் வெளியே வந்ததை யாரும் பார்த்ததில்லை.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் சாரோப்புக்கு ஹெலிகாப்டர் வந்தது. தொப்பி வைத்த ஒருவர் இறங்கி நின்று, பனிச்சரிவு உங்களையெல்லாம் கொன்றுவிடும், உங்கள் நன்மைக்காகவே சமவெளிக்குக் கொண்டுபோகிறோம் என்று படித்தார். ஊரில் நாற்பது வருடத்தில் பனி எடுத்துக்கொண்டது இரண்டே பேரை. இரண்டு பேருமே பனி இறங்குகிற பாதையில் குறுக்கே போனவர்கள். அந்தப் பாதை எதுவென்று சாரோப்பில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அங்கே வீடு கட்ட மாட்டார்கள். கழுதையைக்கூடக் கட்ட மாட்டார்கள். இதை எடுத்துச் சொல்ல யாரோ வாய் திறந்தார்கள். ஹெலிகாப்டர் சத்தத்தில் கேட்கவில்லை.

சமவெளியின் முதல் கோடையில் சவ்ரினிசாவின் மகன் நியோஸ் எட்டு மாதக் குழந்தை. நாற்பது நாள் வெயில் அடித்தது. நாற்பத்தோராம் நாள் அவன் இல்லை.

அங்கேயும் பனி விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு விரல் உயரம். அதற்கே பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஒலிபெருக்கி ஊரைக் கூப்பிட்டு எச்சரித்தது. டிராக்டர் நகர மாட்டேன் என்றது. ஆண்கள் வாசலில் நின்று, வம்புக்கு வந்த சம்பந்தியைப் பார்ப்பதுபோல வானத்தைப் பார்த்தார்கள். சவ்ரினிசாவுக்கு அந்தப் பனியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வாசலில் நின்றபடியே தேநீர் குடித்துவிட்டு ஓடுகிற விருந்தாளி மாதிரி, உட்காரக்கூட உட்காராத பனி.

ஆனாலும் முதல் பனி முதல் பனிதானே. வழக்கத்தை விட முடியுமா? முதல் பனி விழுந்த அன்று ஒரு சீட்டில் 'பனி எங்களுது, பந்தி உங்களுது' என்று எழுதி, வேண்டிய விருந்தையும் கீழே எழுதி, அக்கம்பக்கத்தில் ஒருவர் கையில் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும். ரொட்டிக்குள் வைக்கலாம், காலுறைக்குள் சுருட்டலாம், வாங்குகிறவருக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரியாமல் கையில் வாங்கிவிட்டால், கொண்டுவந்தவள் தன் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால், தீர்ந்தது. சீட்டில் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். தாண்டுமுன் பிடித்துவிட்டாலோ, கொண்டுவந்தவள் முகத்தில் அடுப்புக்கரியைப் பூசி அனுப்புவார்கள். பந்தி அவள் தலையில் விழும்.

சவ்ரினிசா பருத்திக்காட்டு மேஸ்திரியின் மனைவிக்குச் சீட்டு எழுதி, வெங்காயக் கூடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனாள். எட்டு வீடு தாண்ட வேண்டியிருந்தது. அதற்குள் வெயில் வந்துவிட்டது. அந்த அம்மாள் கூடையை வாங்கினாள், சீட்டைக் கண்டுபிடித்துப் படித்தாள், முற்றத்தைப் பார்த்தாள்.

"பனி எங்க? காட்டு."

"இப்பதான் இருந்துச்சு அக்கா."

"இருந்ததுக்கெல்லாம் பந்தி போட்டா என் ஆடு மிஞ்சுமா? போ தாயி. வெங்காயத்த வெச்சிட்டுப் போ."

அன்றைக்கு ராத்திரி சவ்ரினிசா ஓதினாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: சீட்டு கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும்கூட நிற்காத பனி விழுகிற ஊரில் நான் சாக மாட்டேன்.

மலைக்குத் திரும்பிப் போக அனுமதி கேட்டு மூன்று தடவை எழுத்தில் கொடுத்தார்கள். மூன்றும் தோல்பைக்குள் போயின. பிறகு ஒரு வசந்தத்தில் யாரையும் கேட்காமல் நான்கு குடும்பங்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஆறு நாள் நடந்து சாரோப்புக்கு ஏறிவிட்டன. அந்த வருடம் இலையுதிர் காலத்தில் ரயிஸ் ஆட்களோடு வந்து கீழே கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வசந்தத்தில் மறுபடி ஏறினார்கள். மறுபடி வந்தார். இது மூன்றாவது வருடம்.

ஒரு பெரிய பனி விழுந்துவிட்டால் கணவாய் மூடிவிடும். அப்புறம் ஏப்ரல் வரைக்கும் யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போக முடியாது. ஆகவே ஒவ்வொரு வருடமும் பனிக்கும் ரயிஸுக்கும் ஓட்டப்பந்தயம். இரண்டு வருடமும் ரயிஸ் ஜெயித்திருந்தார். ஒரே ஒரு குளிர்காலத்தை முழுதாக இங்கே கடந்து காட்டிவிட்டால், 'பனி கொன்றுவிடும்' என்ற வாய் அடைத்துப் போகும். அந்த ஒரு குளிர்காலம்தான் சவ்ரினிசாவுக்கு வேண்டியிருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் மதியம், கழுதை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றது. அடுப்புப் புகை மேலே போகாமல் கூரையிலேயே படுத்துக்கொண்டது. சவ்ரினிசா வானத்தைப் பார்த்து, "நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடும்" என்றாள்.

ஓதினா பள்ளத்தாக்கைப் பார்த்து, "அதுக்கு முன்னாடி இவர் வந்துட்டார்" என்றான்.

கீழே இரண்டு குதிரைகள் ஏறிக்கொண்டிருந்தன. முன்னால் பாய்மத் ரயிஸ். பின்னால் அவருடைய லாரி டிரைவர் எர்காஷ், சமவெளிக்காரன், சேணத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தான். லாரி சாலை முடிகிற இடத்தில், அரைநாள் தூரத்தில் நின்றது.

விருந்தாளி எவராயிருந்தாலும் விருந்தாளிதான். ஓதினாவின் அண்ணன் வீட்டில் நல்ல அறை இருந்தது. அண்ணன் மனைவி சோஜிதா அங்கே தணல் குழியின் மேல் குட்டை மேசையைப் போட்டு, அதன்மேல் கனத்த மெத்தைப் போர்வையை விரித்தாள். கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்ததும் ரயிஸ் பையைத் திறந்து ஓர் அச்சடித்த படிவத்தை எடுத்தார்.

"எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் சமவெளிக்குத் திரும்புகிறோம். நாலு வீடும் இதுல கையெழுத்து. காலையில என் கையில இருக்கணும். விடிஞ்சதும் கிளம்பறோம்."

"சொந்த விருப்பம் இல்லியே, ரயிஸண்ணே" என்றாள் சவ்ரினிசா.

"அத எழுத்துல குடு."

"மூணு தடவ குடுத்தோம்."

"பைக்குள்ள பத்திரமா இருக்கு." அவர் பையைத் தட்டிக் காட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "பென்சில்ல போட்டா செல்லாது. மையில போடுங்க. இந்தா, என் பேனா. திருப்பிக் குடுக்கணும்."

ரயிஸ் ஒன்றும் சமவெளிக்காரர் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்து, பனியில் உருண்டு வளர்ந்தவர். அதைச் சொல்லிக்காட்டவும் மாட்டார், மறக்கவும் மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு மலைப்பெருமை உண்டு. இருபத்திரண்டு வருடமாக யாராலும் அவர் கையில் பனிச்சீட்டு சேர்க்க முடிந்ததில்லை. அன்று சோஜிதாவின் மாவுக்கூழைக் குடித்துக்கொண்டே அதை இன்னொரு தடவை எர்காஷிடம் சொன்னார்.

"முதல் பனி அன்னிக்கு நான் யார் கையிலேர்ந்தும் எதையும் வாங்க மாட்டேன்டா. பொண்டாட்டி கையிலேர்ந்து தேத்தண்ணி வாங்க மாட்டேன். ரொட்டியப் பிச்சுப் பாத்துட்டுத்தான் தின்னுவேன். ஒரு வருஷம் எங்க மாமியா செருப்புக்குள்ள வெச்சு அனுப்பினா. வெறுங்காலோட நடந்தேன். சிக்கல."

"அப்புறம் மாமியா?" என்றான் எர்காஷ்.

"மூஞ்சியில கரி. மூணு நாள் போகல."

வாசலில் நின்ற சவ்ரினிசா இதைக் கேட்டுவிட்டுப் படிவத்தைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்க அச்சு. பின்பக்கம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

நான்கு வீட்டாரும் மாட்டுக்கொட்டிலில் கூடினார்கள். அவள் திட்டத்தைச் சொன்னதும் சோஜிதாதான் முதலில் பாய்ந்தாள்.

"உனக்குப் பித்தா? அவன் பிடிச்சுட்டா?"

"பிடிச்சா போவோம். இத செய்யலேன்னாலும் காலையில போகத்தானே போறோம், ஓரகத்தி? ரெண்டு வருஷமா தூக்கிட்டுத்தானே போறான்."

"இப்ப தூக்கிட்டுப் போறான். கையெழுத்து போட்டா நாமளே போன மாதிரி. அப்புறம் திரும்ப ஏறவே முடியாது. ஒரேடியா முடிஞ்சுது."

அது உண்மைதான். பக்கத்தில் ஆடு அசை போட்டது.

"அவனுக்கு நாம எவ்வளவோ காகிதம் குடுத்தாச்சு" என்றாள் சவ்ரினிசா. "எதையும் அவன் செய்யல. ஏன்னா எதுவும் அவன கட்டாது. இந்த ஒரு காகிதம் கட்டும். அவன் எங்க பொறந்தான்னு எனக்குத் தெரியும்." பிறகு வயிற்றைத் தள்ளி, கண்ணைப் பாதி மூடி, "எழுத்துல குடு" என்றாள். சோஜிதா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

முன்பக்கத்தில் ரயிஸின் ஊதா மையால் நான்கு கையெழுத்து. பின்பக்கத்தில் பென்சிலைக் கூர்சீவி, சிறிய எழுத்தில் சவ்ரினிசா எழுதினாள்:

'பனி எங்களுது, பந்தி உங்களுது. பாய்மத் ரயிஸுக்கு சாரோப் நாலு வீட்டார் எழுதிக்கொள்வது. பந்தியாகக் கேட்பது, எங்களை இங்கேயே விட்டுவிட்டுப் போவது. கூட ஒரு மூட்டை உப்பு. பிடித்துவிட்டால் முன்பக்கம் செல்லும். பிடிக்காவிட்டால் பின்பக்கம் செல்லும்.'

விடிந்தபோது பனி முழங்காலைத் தொட்டுவிட்டது, இன்னும் விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. நாய்கூடக் குரைக்க யோசித்தது. ஓதினா மரத் துடுப்பு மாதிரியான பனிவாரியோடு கூரையில் ஏறிப் பனியைத் தள்ள ஆரம்பித்திருந்தான். பெண்கள் இரண்டும் வாயைத் திறந்து வானத்தை விழுங்கிக்கொண்டிருந்தன.

சோஜிதா வீட்டில் எர்காஷ் ஆட்டுத்தோல் கோட்டுக்குள் தலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, கூரை தாங்குமா?"

"தாங்கும்."

"குதிரைக்குக் கண்ணு தெரியுமா, இதுல?"

"உன்னவிட நல்லாத் தெரியும்."

"எங்க ஊர்ல இவ்வளவு விழுந்தா எல்லாரும் பொண்டாட்டி புள்ளகிட்ட மன்னிப்பு கேட்டுக்குவோம், அண்ணே."

ரயிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆனால் சோஜிதா ரொட்டியோடு உள்ளே வந்ததும் இரண்டு கைகளையும் சட்டென்று கோட்டின் கைகளுக்குள் நுழைத்துக்கொண்டார். "துணி மேல வைம்மா. கையில குடுக்காத. எர்காஷ், அத நீ பிட்டுப் பாரு." எர்காஷ் ஒரு ரொட்டியை எட்டாகப் பிய்த்துப் பார்த்தான். ரொட்டிக்குள் ரொட்டிதான் இருந்தது. தேநீர்ப் பாத்திரத்தின் மூடியையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அதிலும் தேநீர்தான்.

அப்போது சவ்ரினிசா வந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டி, கம்பளித் துணி சுற்றிய மென்தோல் செருப்பு போட்டிருந்தாள். ராத்திரி கண் மூடாததில் முகத்தில் ரத்தமே இல்லை. தோற்றுப்போனவள் முகம் மாதிரி இருந்தது. அதுவும் நல்லதுக்குத்தான்.

"இந்தாங்க, உங்க பேனா" என்று நீட்டினாள்.

ரயிஸ் சிரித்தார். "அங்க வை. எர்காஷ், மூடியக் கழட்டிப் பாரு. உள்ள சுருட்டி வெச்சிருப்பா."

எர்காஷ் பேனாவைக் கழற்றி, உதறி, விரலெல்லாம் ஊதாவாக்கிக்கொண்டான். ஒன்றுமில்லை.

"என்ன தங்கச்சி, உங்க ஊர்ல பனிச்சீட்டெல்லாம் விட்டுட்டீங்களா?"

"பந்தி கேக்கற நெலமையிலயா இருக்கோம், ரயிஸண்ணே? நீங்க எழுத்துல கேட்டீங்க. எழுத்துல கொண்டாந்துட்டேன்." படிவத்தை நீட்டினாள்.

அவருடைய கை கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. யாருடைய காகிதத்தையும் நம்பாத மனிதர், தன் காகிதத்தைச் சந்தேகப்படுவாரா? அவரே அச்சடித்த படிவம், அவரே கொடுத்த மை. வாங்கினார். கையெழுத்துகளை உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். முத்திரையை எடுத்து அதன் மேல் 'ஹா' என்று ஊதி, அழுத்தினார்.

"நல்ல முடிவு. புள்ளைகளுக்குக் கம்பளி சுத்துங்க. அரை மணியில கிளம்பணும்."

"ஆட்டக் கட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள். ஓடக் கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். அறையைத் தாண்டினாள். நடையைத் தாண்டினாள்.

முத்திரை உலரட்டும் என்று ரயிஸ் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த எர்காஷ் அதன் முதுகைப் பார்த்தான்.

"அண்ணே, பின்னாடியும் என்னமோ எழுதியிருக்கே. பென்சில்ல."

அடுத்த நொடி குட்டை மேசை சாய்ந்தது, தேநீர் கவிழ்ந்தது. ரயிஸ் காகிதத்தை நெஞ்சுப் பைக்குள் திணித்துக்கொண்டு, நகரத்துக் காலணியில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"ஏய், சவ்ரினிசா. நில்லு."

அவள் முற்றத்துச் சுவரைத் தாண்டியிருந்தாள். இனி நடிப்பில்லை. பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவள் வீடு மேட்டில், நூற்றியிருபது அடி. முழங்கால் பனியில் அது பெரிய தூரம். ரயிஸ் கனத்த உடம்புக்காரர். ஆனாலும் கால் மறக்கவில்லை. பனியைக் கிழித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தடவை சறுக்கி விழுந்து, எழுந்து, அவள் மிதித்த தடத்தை விட்டுக் குறுக்குவழி பிடித்தார். ஓடிக்கொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது. கூரை மேலிருந்து ஓதினா, "குறுக்க வரார், குறுக்க வரார்" என்றான். கழுதை கத்தியது. மூச்சுச் சத்தம் அவள் முதுகுக்கே வந்துவிட்டது. தலைத்துணியின் நுனி அவர் கையில் சிக்கியது. அவள் துணியை அவருக்கே விட்டுவிட்டு வெறுந்தலையோடு ஓடினாள்.

மொட்டை வில்லோ மரம் வந்ததும் அவள் சட்டென்று இடப்பக்கம் மூன்று அடி ஒதுங்கித் தாவினாள். ரயிஸ் நேராக வந்தார்.

அந்த இடத்தில் பழைய ஆலைக்குப் போகிற வாய்க்கால் ஓடுகிறது. உறைந்துவிடாமல் இருக்க, குளிருக்கு முன் அதன் மேல் முள்ளும் வைக்கோலும் பரப்பி மூடிவைப்பார்கள். அதன் மேல் இப்போது பனி. பார்த்தால் தரை. தாண்டுகல் எங்கே இருக்கிறது என்பது அங்கே குளிர்காலம் கழித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பின்னால் ஒரு முறிகிற சத்தம். பிறகு தண்ணீர்ச் சத்தம்.

சவ்ரினிசா நிற்கவில்லை. பதினைந்து அடி ஓடி, தன் வாசல்படியைத் தாண்டி, உள்பக்கம் நின்று, நெஞ்சு அடைக்கக் கத்தினாள்: "பனி எங்களுது, பந்தி உங்களுது."

அதற்குப் பிறகுதான் கதவோரம் இருந்த பனிவாரியை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். விழுந்த வேகத்தில் நெஞ்சுப் பை வரை நனைந்த ரயிஸ் இடுப்பளவு தண்ணீரில், முள்ளில் மாட்டிக்கொண்டு, தாடை தந்தியடிக்க நின்றிருந்தார். கையில் இன்னும் அவளுடைய தலைத்துணி. அவள் வாரியின் கைப்பிடியை நீட்டினாள்.

"பிடிச்சுக்கோங்க, ரயிஸண்ணே. இப்பப் பிடிச்சா கணக்குல வராது."

ஓதினாவும் அவளுமாக அவரை இழுத்து, பக்கத்திலிருந்த தங்கள் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். ஓதினாவின் முழுக்கால் சட்டை அவருக்கு ஏறவில்லை. மெத்தைப் போர்வையை இடுப்பில் சுற்றி, தணல் மேசைக்குள் காலைத் திணித்து, கையில் உப்புப்போட்ட வெண்ணெய்த் தேநீரைக் கொடுத்தார்கள். இந்தத் தடவை கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். சோஜிதாவும் மற்ற வீட்டுக்காரர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். எர்காஷ் தோல்பையைத் தூக்கிக்கொண்டு, மற்றவர்கள் மிதித்த தடத்திலேயே ஒவ்வொரு காலாக வைத்து வந்து சேர்ந்தான்.

தாடை நடுக்கம் நின்றதும் ரயிஸ் சொன்னார்: "இது விளையாட்டு. அது அரசாங்கம். ரெண்டையும் சேக்காத."

"நான் சேக்கல. நீங்கதான் முத்திர போட்டீங்க" என்றாள் சவ்ரினிசா.

"நான் முன்பக்கத்துலதான் போட்டேன்."

"அப்ப முன்பக்கத்தப் படிங்க."

அவர் காகிதத்தை எடுத்து மேசை மேல் விரித்தார். அச்செழுத்து இருந்தது. அதன் கீழே நான்கு கையெழுத்தும் முத்திரையும் ஒன்றாகக் கலந்து, மல்பெரிப் பழத்தை நசுக்கினது மாதிரி ஓர் ஊதாக் கறை. ஒரு பெயரும் தெரியவில்லை. திருப்பினார். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து, ஒரு புள்ளிகூடக் கலையாமல், 'பனி எங்களுது' என்று ஆரம்பித்தது.

"பனிச்சீட்ட யாராச்சும் மையில எழுதுவாங்களா, ரயிஸண்ணே?"

எர்காஷ் உதவி செய்கிற நினைப்பில், "பையில இன்னும் இருவது படிவம் இருக்கு, அண்ணே. இவங்ககிட்ட மறுபடி ஒரு கையெழுத்து..." என்று பையின் வாரை அவிழ்த்தான்.

ரயிஸ் பையைப் பார்த்தார். சவ்ரினிசாவும் பையைத்தான் பார்த்தாள். வாசலைத் தாண்டியாயிற்று, வாய்க்காலையும் தாண்டியாயிற்று. இனி அவள் கையில் எதுவும் இல்லை. அவர் கை நீண்டால் எல்லாம் முடிந்தது.

வெளியே கூரையிலிருந்து ஒரு பனிக்குவியல் பொத்தென்று விழுந்தது. எர்காஷ் துள்ளிக் குதித்தான். அந்த வீட்டின் சின்னப்பெண் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தப் பொண்ணு பயப்படலியே" என்றார் ரயிஸ், யாரிடம் என்றில்லாமல்.

"எதுக்குப் பயப்படணும்? அது அவளுக்கு என்ன பண்ணிச்சு?" என்றாள் சவ்ரினிசா. "நியோஸ் கீழதான் படுத்திருக்கான், ரயிஸண்ணே. பருத்திக்காட்டு ஓரத்துல. பனி கொன்னுடும்னு எங்கள இறக்கினீங்க. இங்க வாய்க்கா எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியல. யாரு இங்க செத்துருப்பா?"

இதை அவள் யார் குரலிலும் சொல்லவில்லை. தன் குரலில்தான் சொன்னாள். அதனால் அது பழகாத குரல் மாதிரி இருந்தது.

ரயிஸ் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"பையை மூடுடா" என்றார்.

"அண்ணே?"

"இருவத்திரெண்டு வருஷம்டா. இவ கையில போச்சு. இப்ப பந்தியும் போடலேன்னா நான் எந்தப் பள்ளத்தாக்குல தலையக் காட்டறது? எங்க மாமியா இன்னும் உசுரோட இருக்கா." பிறகு சவ்ரினிசாவிடம் திரும்பினார். "மேல இருக்கறவங்க ஏன் கொண்டாரலேன்னு கேப்பாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்லு."

சவ்ரினிசா வயிற்றை முன்னால் தள்ளினாள். கண்ணைப் பாதி மூடினாள். மூக்கால் மூச்சை இழுத்து, அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "எழுத்துல குடு."

முதலில் சிரித்தது எர்காஷ், சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ரயிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படியா பேசறேன்?"

"அதே மாதிரி, அண்ணே" என்றான் எர்காஷ், பொத்திய கைக்குள்ளிருந்து.

அரை மணியில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கணவாய் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஓதினா முன்னால் நடந்து மேட்டு வளைவு வரை வழிகாட்டினான். ரயிஸ் அடுப்பில் காய்ந்த கால்சட்டையோடு குதிரையில் ஏறினார். அந்தச் சீட்டை நான்காக மடித்து, பைக்குள் போடாமல் தொப்பியின் மடிப்பில் செருகிக்கொண்டார்.

"ஏப்ரல்ல வருவேன்" என்றார். "நாலு வீட்டு ஆளும் முழுசா இருக்கணும். ஒருத்தர் குறைஞ்சாலும் பேச்சு வேற."

"வாங்க. உப்போட வாங்க."

"அடுத்த முதல் பனிக்கு என் சீட்டு உன் கைக்கு வரும். பாத்துக்க."

"பனி உங்க ஊர்ல நிக்கட்டும் முதல்ல" என்றாள் அவள்.

அந்தக் குளிர்காலத்தில் பனி ஜன்னல் வரை ஏறியது. வீட்டுக்கு வீடு சுரங்கம் வெட்டிப் போய்வந்தார்கள். ஜனவரியில் பனிச்சரிவு எப்போதும் வருகிற தன் பாதையில் இடிபோல வந்து, யாரையும் தொடாமல் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. சோஜிதாவுக்கு ஒரு ஆண்குழந்தை பிறந்தது. ஏப்ரலில் ரயிஸ் வந்தபோது தலைகளை எண்ணினார். ஒன்று அதிகமாக இருந்தது. உப்பு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, படிவம் எதையும் எடுக்காமல் திரும்பிப் போனார்.

அடுத்த வருடம் சாரோப்பில் ஏழு கூரைகளில் புகை எழுந்தது. முதல் பனி விழுந்த அன்று காலையில் கீழிருந்து ஓர் ஆட்டிடையன் வந்து, வழியில் யாரோ கொடுத்ததாகச் சொல்லி, சவ்ரினிசாவிடம் ஒரு புதுத் தலைத்துணியை நீட்டினான். அழகான சிவப்பு.

சவ்ரினிசா இரண்டு கைகளையும் கோட்டின் கைகளுக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"அங்க வை" என்றாள்.